படுகைச் சாளை

காவிரிக் கரையிலுள்ள ஜேடர்பாளையத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பொழுது சாயும் முன்பே திரும்பிவிடுகிறார்கள். படுகை அணையில் குளியல், அண்ணா பூங்காவில் பிள்ளைகளுக்கு ஊஞ்சல், கரையோரக் கடையில் சுடச்சுட மீன் வறுவல். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கே சரியாகிவிடும். நான் அறிந்த ஜேடர்பாளையமோ, பரமத்தி வேலூருக்குக் கடைசி பஸ் கிளம்பிப் போன பிறகுதான் தொடங்கும். அங்கே ஓர் இரவு தங்காதவர்களுக்கு அந்த ஊரின் பாதிகூடத் தெரியாது என்றே இன்றும் நினைக்கிறேன்.

அம்மாவைப் பெற்ற அப்புச்சியின் தோட்டம் அணைக்குக் கீழே, ஆற்றை ஒட்டி இருந்தது. வீடு ஊருக்குள். பள்ளிக்கூட லீவு விட்டதும் நாங்கள் போய் இறங்குவது வீட்டில்தான் என்றாலும், எனக்குப் படுக்கை தோட்டத்துச் சாளையில். இடுப்பளவு மண்சுவர், மூங்கில் வாரை, மேலே கரும்புச் சோகை வேய்ந்த கூரை. கதவு கிடையாது, வாசலில் ஒரு தென்னந்தடுக்கைச் சாய்த்துவைப்பார்கள். உள்ளே ஒரு கயிற்றுக் கட்டில், இரண்டு மண்சட்டி, ஒரு தண்ணீர்ப்பானை, உப்பும் புளியும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்ட உறி, அரிக்கேன் விளக்கு, மூலையில் மம்பட்டி. கரண்ட் கிணற்று மோட்டாருக்கு வந்திருந்தது, சாளைக்கு வரவில்லை. ஒரே நடையில் தூக்கிக்கொண்டு மேடேற முடியாத எந்தச் சாமானையும் அப்புச்சி அங்கே சேரவிட்டதில்லை. ஆறு எப்போது கேட்டாலும் இடத்தைக் காலி செய்து கொடுக்கிற குடித்தனம் அது.

முதல் இரவில் எனக்குத் தூக்கம் வராது. அணையில் தண்ணீர் விழும் சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். போகப்போக அந்தச் சத்தம் இருந்தால்தான் தூக்கம் வரும் என்றாகிவிடும். அப்புச்சிக்கு அது வெறும் சத்தமாக இருக்கவில்லை. கட்டிலில் படுத்தபடியே, "தண்ணி ஒரு சாண் ஏறியிருக்குது கண்ணு" என்பார். காலையில் போய்ப் பார்த்தால், முந்தின நாள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த பாறை நனைந்திருக்கும்.

அந்த அணையைப் பற்றி அவர் பேசும்போது குரலில் ஒரு மரியாதை வந்துவிடும். 17ஆம் நூற்றாண்டில் பரமத்தியை ஆண்ட அல்லாள இளைய நாயக்கர், இங்கே காவிரியைக் குறுக்கே தடுத்து ராஜா வாய்க்காலை வெட்டினார். பொத்தனூர், வேலூர், பாண்டமங்கலம் என்று மோகனூர்ப் பக்கம் வரைக்கும் கொடிக்காலும் வாழையும் கரும்பும் பச்சையாக நிற்பது அந்த வாய்க்காலாலும் அதையொட்டிய கிளைகளாலும்தான். மேட்டூர் அணை கட்டி முடிந்தது 1934இல். அதற்கு மூன்று நூற்றாண்டுக்கு முன்பே, கான்கிரீட் இல்லாத காலத்தில், ஆற்றின் ஓட்டத்தைப் பார்த்துப் பார்த்து இடம் தேர்ந்திருக்கிறார்கள். இன்று ஜேடர்பாளையத்தில் நாயக்கருக்குச் சிலை நிற்கிறது. தை முதல் நாள் அதற்கு மாலை போடுகிறார்கள். அப்புச்சி இருந்திருந்தால் முதல் ஆளாகப் போயிருப்பார்.

ஆடியில் ஒரு ராத்திரி நன்றாக நினைவிருக்கிறது. மாலையில் தண்டோராக்காரர் வந்து, மேட்டூரில் தண்ணீர் அதிகம் திறக்கிறார்கள், கரையோரம் இருப்பவர்கள் மேடேறிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் சாப்பிட்டுப் படுத்துவிட்டோம். நடுச்சாமத்தில் சத்தம் மாறியது. சலசலப்பு அடங்கி, அடிவயிற்றில் உணரும்படி ஓர் உறுமல். "ஏனுங்க அப்புச்சி, அணை உடைஞ்சிருச்சுங்களா?" என்றேன். "அணை முழுகியிருச்சு சாமி. முழுகினா உடையாது, எந்திரி" என்று கட்டிலைத் தலையில் தூக்கிக்கொண்டார். பானையும் உறியும் என் கையில். கொடிக்கால் வரப்பில் ஏறி நின்று திரும்பிப் பார்த்தபோது, அரிக்கேன் வெளிச்சத்தில் சாளையின் வாசலுக்குத் தண்ணீர் வந்திருந்தது. பயமாக இருந்தது. ஆனால் அவர் முகத்தில் கலக்கமே இல்லை. மூன்று நாள் கழித்து வடிந்தபோது சுவரில் பாதி கரைந்திருந்தது. நிலம் முழுக்க வண்டல் படிந்திருந்தது. சுவரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வண்டலைக் கையில் அள்ளி அள்ளிப் பார்த்தார்.

கோடையில் அதே ஆறு ஒடுங்கிக் கிடக்கும். ஜனவரி 28இல் மேட்டூரை அடைத்துவிட்டால் பிறகு மணல்தான். குடிக்கத் தண்ணீர் எடுக்க அப்புச்சி எனக்குக் கற்றுக்கொடுத்தார். ஓட்டத்திலிருந்து பத்தடி தள்ளி முழங்கை ஆழத்துக்கு மணலைப் பறிக்க வேண்டும். முதலில் கலங்கலாக ஊறும். கொட்டாங்குச்சியால் அதை மொண்டு வெளியே ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மறுபடி ஊறும், மறுபடி ஊற்ற வேண்டும். அடுத்து ஊறுகிற தண்ணீரில் குழிக்கு அடியில் கிடக்கும் மணல் பருக்கை ஒவ்வொன்றையும் எண்ணலாம். அவசரப்பட்டுக் கையை விட்டால் திரும்பக் கலங்கும். பித்தளைச் சொம்பில் பிடித்து அந்தத் தண்ணீரைக் குடித்த தொண்டைக்கு, பின்னால் எந்தத் தண்ணீரும் அவ்வளவு இனிக்கவில்லை.

கார்த்திகை, மார்கழியில் தங்கினால் வேறு வாசம். பக்கத்துத் தோட்டத்தில் வெல்ல ஆலை ஓடும். காய்ந்த சக்கையே அடுப்புக்கு எரிபொருள்; அந்தப் புகை ஆற்றின் பனியோடு சேர்ந்து தாழ்வாகவே நிற்கும். கொப்பரையில் சாறு கொதிக்கும்போது சுண்ணாம்புத் தெளிவு விட்டு, திரளும் அழுக்கை அள்ளி எடுப்பார்கள். பாகு காய்ச்சுகிறவர் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். உருண்டால் இறக்கலாம். அந்தப் பதத்தைத் தவறவிட்டால் மொத்தக் கொப்பரையும் போச்சு என்பதால் அந்த நேரம் யாரும் அவரிடம் பேசமாட்டார்கள். வெல்லம் 30 கிலோ சிப்பங்களாகப் பிலிக்கல்பாளையம் ஏலத்துக்குப் போகும். போகுமுன் எனக்கு வாழையிலைத் துண்டில் சூடான பாகு கிடைத்துவிடும். கரும்புச் சாறு மட்டும் காய்ச்சிய வெல்லம் கொஞ்சம் கறுத்துத்தான் இருக்கும். பளிச்சென்று வெளுப்பாகக் கேட்கிற கடைக்காரர்களாலும் வாங்குகிற நம்மாலும்தான் சர்க்கரையும் ரசாயனமும் அதற்குள் நுழைந்தன. இந்த மண்ணின் நல்ல பொருளை நாமே கெடுத்துக்கொண்டோமே என்று மனம் ஆறுவதில்லை.

விடியற்காலையில் பரிசல்கள் வரும். ராத்திரி போட்ட வலையை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் சாளை எதிரே ஒதுங்கி, ஈரக் கையை அடுப்பில் காட்டிக் குளிர்காய்வார்கள். அப்புச்சி வெற்றிலை கொடுப்பார், அவர்கள் இரண்டு ஜிலேபி கெண்டையை வைத்துவிட்டுப் போவார்கள். விலை பேசி நான் கேட்டதில்லை. அகத்தியில் ஏற்றிவிட்ட கொடியில் பெண்கள் வெற்றிலை கிள்ள ஆரம்பித்திருப்பார்கள். கிள்ளி, அடுக்கி, கவுளியாக்கி, 104 கவுளி சேர்ந்தால் ஒரு சுமை.

2005 வெள்ளத்தில் சாளை முழுசாகப் போயிற்று. அப்போது அப்புச்சி இல்லை. மாமா மேட்டில் சிமென்ட் ரூம் ஒன்று கட்டிக்கொண்டார். உரம் வைக்கவும் மோட்டார் ஸ்டார்ட்டருக்கும் அது போதும். படுகையில் அந்த மணல் இப்போது இல்லை. லாரி லாரியாகப் போனது போக மிஞ்சியது களியும் பாறையும். மேலே ஜவுளி ஊர்களிலிருந்து சாயக்கழிவு கலந்து வருகிறது என்று வருஷா வருஷம் ஜனங்கள் மனுக் கொடுக்கிறார்கள். தண்ணீர் நிற்கிற இடமெல்லாம் ஆகாயத்தாமரை. ஊற்றுப் பறிக்க மணல் இல்லாததால், கரையில் நின்றுகொண்டு கேன் தண்ணீர் குடிக்கிறோம். இதை எழுதும்போது கோபம்தான் வருகிறது.

ஆனாலும் போன முறை போனபோது, அணையின் சத்தம் அப்படியே இருந்தது. ராத்திரி சிமென்ட் ரூமின் மொட்டை மாடியில் பாயை விரித்துப் படுத்தேன். விடிந்ததும் மாமாவிடம் கேட்டேன்: "பழைய இடத்துல ஒரு சாளை போடலாமுங்களா மாமா? பசங்களைக் கூட்டியாந்து நாலு நாளைக்கு வச்சிருக்கோணும்."

மாமா சிரிக்கவில்லை. கீழே இறங்கி, பழைய சாளை இருந்த இடத்தைக் காலால் அளந்தார். "மூங்கில் நம்ம வேலியிலயே கெடக்குது. சோகைக்குத் தை மாசம் வரோணும், அப்பத்தான் கரும்பு வெட்டு மும்முரமா இருக்கும். வேயத் தெரிஞ்ச ஆளு சோழசிரமணிப் பக்கம் ஒருத்தரு இருக்கறாரு, வயசாயிருச்சு. இப்பவே போய்ச் சொல்லி வச்சரலாம், வண்டியெடு" என்றார்.