வைக்கோலுக்குள் நாலு பிளக்... விருத்தாசலத்தில் மீண்டும் மூச்சுவிட்ட ஹெரால்டு கார்!

சென்னையிலிருந்து திருச்சிக்கு ரயிலில் போகும்போது, விருத்தாசலத்தைத் தூக்கத்திலேயே கடந்தவர்கள் நிறைய பேர் இருப்பீர்கள். சேலத்துக்கும் கடலூருக்கும் பாதை பிரிகிற ஜங்ஷன். ஒரு டீ குடிக்கிற நேரம் வண்டி நிற்கும். பலருக்கு இந்த ஊர் அவ்வளவுதான். எனக்கு இது அம்மா பிறந்த ஊர்.

'பாப்பா, வண்டி சத்தம் கேட்கணும்னா ஞாயித்துக்கிழமை வந்துடு' என்று பெரிய மாமா வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். சனிக்கிழமை ராத்திரியே ரயில் ஏறிவிட்டேன்.

கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வாரம் என்பதால் செராமிக் தொழிற்பேட்டை பரபரப்பாக இருந்தது. பலகை பலகையாக அகல் விளக்குகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. பொம்மைகள், ஃப்யூஸ் கேரியர்கள், இன்சுலேட்டர்கள் என்று மண்ணைச் சுட்டே பிழைக்கிற ஊர் இது. பீங்கான் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ படிக்க அரசு கல்வி நிறுவனமும் இங்கேயே இருக்கிறது. மாமா அங்கே படித்தவர். வெளிமாநிலத்தில் இன்சுலேட்டர் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். தாத்தா இதே தொழிற்பேட்டையில் சின்னதாக ஃப்யூஸ் கேரியர் பட்டறை வைத்திருந்தார்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. சின்ன வயதில் நாங்கள் யாரும் அதன் பக்கம் போகக் கூடாது. உள்ளே தாத்தாவின் 1970-ம் வருஷத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு நின்றது.

ஸ்போர்ட்ஸ் காருக்கு அண்ணன்

ஹெரால்டை வயதானவர்களின் குடும்பக் கார் என்றுதான் நினைத்திருந்தேன். மாமா திருத்தினார். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு ட்ரையம்ஃப் நிறுவனம் 1959-ல் கொண்டுவந்த கார் இது. வடிவமைத்தவர் இத்தாலிக்காரரான ஜியோவான்னி மிக்கெலோட்டி. இதன் சேஸிஸைக் குட்டையாக்கித்தான் 1962-ல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்கிற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அந்த வகையில் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயருக்கு அண்ணன்.

அந்த அண்ணன் நம்மூர்க்காரனும்கூட. 1948-ல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, 1961 முதல் சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஹெரால்டைத் தயாரித்தது. நாலு கதவு ஹெரால்டு இந்தியாவுக்கென்றே வந்தது. 1972-ல் கெஸல் அதன் இடத்தைப் பிடித்தது.

"வீட்டுல வச்சே இதைப் பிரிச்சு மாட்டலாம் பாப்பா. போல்ட்டைக் கழட்டினா பாடி தனி, சேஸிஸ் தனி" என்றார் மாமா. அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஸ்டாண்டர்டு ட்ரையம்ஃபுக்கு பாடி செய்துகொடுத்த பெரிய நிறுவனம் போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. முழு பாடியையும் ஒரே இடத்தில் செய்துதர ஆள் இல்லை. அதனால் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, தனி சேஸிஸின் மேல் போல்ட் போட்டு மாட்டும்படி காரை வடிவமைத்தார்கள். அன்று அவர்களுக்கு வந்த சிக்கல், இன்று கொட்டகையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு வரமாகிவிட்டது.

பானெட் முன்பக்கமாகச் சாய்ந்து, மட்கார்டுகளோடு சேர்ந்து மொத்தமாகத் திறக்கிறது. மாமா முன் டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு 948 சிசி இன்ஜினில் வேலை செய்கிறார். ஸ்பானர்கூட மில்லிமீட்டர் கணக்கில் ஆகாது. அரை இன்ச், ஏழில் பதினாறு அல்ல, பதினாறில் ஏழு இன்ச் என்று எனக்கு அளவு சொல்லிக்கொடுத்து எடுத்துத் தரச் சொன்னார். இரண்டு முறை தப்பாகக் கொடுத்தேன்.

ஆற்றில் போட்டு, குளத்தில் தேடி...

சுந்தரர் இங்கே இறைவனிடம் பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்கிறது புராணம். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று ஊரில் சொல்வார்கள். மாமா உதிரி பாகம் தேடிய கதையும் அப்படித்தான்.

கார் செய்தது பெருங்களத்தூரில். உதிரி பாகம் கிடைப்பது இங்கிலாந்தில்! ஸ்பிட்ஃபயரின் உற்பத்தி 1980-ல் நின்றுவிட்டாலும், அதை வைத்திருப்பவர்கள் கைவிடவில்லை. ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் வகைக் கார்களுக்காக 1977-ல் அங்கே தொடங்கிய ட்ரையம்ஃப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் இன்றும் இயங்குகிறது. கேஸ்கட், ரப்பர் புஷ், பிரேக் சாமான்கள் எல்லாம் புதிதாகவே செய்து விற்கிறார்கள். மாமா சென்னை புதுப்பேட்டையில் ஒரு மாதம் அலைந்தார். கிடைக்காததை அங்கிருந்து தருவித்தார். துருப்பிடித்த சேஸிஸ் கைகளை மட்டும் உள்ளூர் வெல்டிங் பட்டறையில் அளவெடுத்துச் செய்துகொண்டார்.

நடுவில் ஒருவர் வந்து நல்ல விலை பேசியிருக்கிறார். கூரையை அறுத்து, ஸ்பிட்ஃபயர் மாதிரி திறந்த காராக மாற்றுவது அவர் திட்டம். மாமா மறுத்துவிட்டார். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வயது தாண்டிய வாகனம் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருந்தால்தான் 'வின்டேஜ்' பதிவு கிடைக்கும். புதிதாகப் பதிவு செய்கிற வண்டி என்றால் நம்பரில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். மறுபதிவுக் கட்டணம் 5,000 ரூபாய்.

"விதிக்காக மட்டும்தான் மறுத்தீங்களா மாமா?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ஓர் அட்டைப் பெட்டியை எடுத்துவந்தார்.

பரணில் இருந்த பெட்டி

1986-ல் மாமாவுக்கு 24 வயது. தாத்தாவிடம் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு நெய்வேலிக்குப் போயிருக்கிறார். ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. திரும்பும் வழியில் இன்ஜின் கொதித்து, ஹெட் வளைந்து, புகையோடு நின்றுவிட்டது. மாட்டு வண்டியில் கட்டி இழுத்து வந்தார்கள். தாத்தா ஒரு வார்த்தை திட்டவில்லை. காரைக் கொட்டகையில் தள்ளிப் பூட்டிவிட்டார். அடுத்த வருஷம் மாமா வேலைக்கு வெளிமாநிலம் போனார். 2009-ல் தாத்தா இறக்கும் வரை, இருவரும் காரைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை.

"நான் கெடுத்ததைப் பார்க்கப் பிடிக்காமதான் பூட்டி வச்சாருன்னு நெனச்சேன்" என்றார் மாமா.

ஓய்வு பெற்றபின் 2021-ல் பூட்டைத் திறந்தார். கார் செங்கல்மேல் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது, டயர் தரையில் படாமல். இன்ஜினில் பிளக் நாலும் இல்லை. அந்த ஓட்டைகளில் துணி அடைத்திருந்தது. துணியை எடுத்தால் உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு. சிலிண்டரில் துரு ஏறாமல் இருக்க ஆயில் ஊற்றி மூடியிருக்கிறார் தாத்தா. திரும்ப ஓட்ட நினைப்பவர்கள் செய்கிற வேலை அது.

பிளக்குகள் பரணில் கிடைத்தன. பட்டறையில் ஃப்யூஸ் கேரியர் அனுப்பும்போது வைக்கோல் வைத்துப் பொதிவதுபோல, நாலையும் வைக்கோலுக்குள் வைத்துக் கட்டியிருந்தார்.

இதை ஆயாவிடம் (பாட்டியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) மாமா கேட்டபோது, "கோவமெல்லாம் இல்ல தம்பி. அன்னிக்கு அவரு கையில காசு இல்ல. உன்கிட்டச் சொல்ல வெக்கப்பட்டாரு" என்றாராம்.

நல்லா வெந்திருக்கு!

இன்ஜினில் டீசல் ஊற்றி மூன்று நாள் ஊறவைத்திருக்கிறார் மாமா. நாலாவது நாள் ஸ்பானர் போட்டுத் திருப்ப, அசைந்தது. ஹெட்டைப் பட்டறையில் கிரைண்டிங் செய்து சமமாக்கினார். மற்ற வேலைகளுக்கு வருஷக்கணக்கில் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை காலை. பெட்டியிலிருந்து எடுத்த அதே நாலு பிளக்குகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த வெள்ளைப் பகுதி இருக்கே, இது அலுமினா பீங்கான். 1,600 டிகிரி பக்கம் சுடணும். பல ஆயிரம் வோல்ட்டைத் தாங்கும். விரிசல் இல்லேன்னா இதுக்கு வயசே கிடையாது" என்றார். பிறகு சொன்னார்: "என் தொழில்ல ஒரு தடவை சுட்டா சுட்டதுதான். தப்பாயிட்டா தூக்கிப் போட வேண்டியதுதான், மண்ணா மாத்த முடியாது. இரும்பு அப்படி இல்ல பாப்பா. கழட்டித் திரும்ப மாட்டலாம்."

சாவியைத் திருப்பினார். முதல் தடவை இருமல். இரண்டாவது தடவையும் அதேதான். மூன்றாவது தடவை கொட்டகைத் தகரம் அதிர, இன்ஜின் பிடித்துக்கொண்டது. மாமா ஸ்டீயரிங்கில் கைவைத்தபடி கொஞ்ச நேரம் குனிந்தே உட்கார்ந்திருந்தார். நான் போனில் படம் எடுப்பதை நிறுத்திவிட்டேன்.

பத்து நிமிஷம் ஓடவிட்டு, அணைத்து, ஆறியதும் ஒரு பிளக்கைக் கழற்றிக் காட்டினார். கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. இது இளம் பழுப்பாக இருந்தது. சூளையைத் திறந்து பார்ப்பவர்போலத் தலையாட்டினார். "நல்லா வெந்திருக்கு."

அதற்குள் ஆயா மெல்ல நடந்துவந்து பின் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். 39 வருஷத்துக்குப் பிறகு. ஊரை ஒட்டிய மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்கு அந்தக் காலத்தில் இந்தக் காரில்தான் போவார்களாம். குறைகளை மனுவாக எழுதி, சாமி முன்னால் 'பிராது' கட்டுகிற கோயில் அது.

"கெளம்பு, கோயிலுக்குப் போயிட்டு வந்துடலாம்" என்றார் ஆயா.

"ஆர்.சி இன்னும் அப்பா பேர்லயே இருக்கும்மா. பேப்பர் வரட்டும், அப்புறம்தான் ரோட்டுக்கு எடுக்கணும்."

"எப்ப வரும்?"

"தெரியலம்மா."

ஆயா இறங்குவதாக இல்லை. சீட்டைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அப்ப ஆட்டோவைக் கூப்பிடு. மொதல்ல போயி அதுக்கு ஒரு பிராது கட்டிட்டு வந்துடுவோம்."