தித்தி

மலாயில் தித்தி என்றால் வாய்க்காலுக்குக் குறுக்கே போட்ட ஒடுக்கமான பலகைப் பாலம். தமிழ்க் காதில் தித்திப்பாக விழும். மோட்டாரில் ஏறிப் பார்த்தால்தான் அதன் கசப்பு தெரியும். பி2 லைசன்ஸ் சோதனையில் பிள்ளைகள் பேசிப் பேசிப் பயப்படுவது இதைத்தான். தரையைவிடக் கொஞ்சமே உயர்ந்த நீளமான ஒரு மேடை. அதன்மேல் ஏறி, காலை ஊன்றாமல், சக்கரம் கீழே நழுவாமல், அவசரப்படாமல் அந்தப் பக்கம் இறங்க வேண்டும். அவசரப்படாமல் என்பதில்தான் வினையே இருக்கிறது. வேகமாகப் போனால் மோட்டார் தானாகவே நிமிர்ந்து நிற்கும். மெதுவாகப் போகும்போதுதான் இடமும் வலமும் சாயப் பார்க்கும்.

எனக்கு வயது 49. பயிற்சித் திடலில் என்னோடு வரிசையில் நிற்பவர்களுக்கு 16. காருக்குத்தான் 17 ஆக வேண்டும், மோட்டாருக்கு 16 போதும். “ஆன்ட்டி, நீங்க முதல்ல போங்க” என்று வழிவிடுகிறார்கள். மரியாதையா, வேடிக்கை பார்க்கவா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

முதல் நாள் நான் தித்தியில் பாதி தூரம்கூடப் போகவில்லை. முன்சக்கரம் இடது ஓரத்தில் இறங்கியது, நான் வலப்பக்கம் இறங்கினேன். மாஸ்டர் ஓடி வந்து மோட்டாரைத்தான் முதலில் தூக்கினார்.

“அம்மா, கைய மூடாதீங்க. எண்ணெ குடுத்துக்கிட்டே இருங்க. வலது கால்ல பின் பிரேக்க லேசா மிதிச்சே வச்சிருங்க. ரெண்டும் ஒண்ணா.”

ஒரு கையால் தண்ணீர் ஊற்றி இன்னொரு கையால் இறைப்பது போல இருந்தது. ஓட விடுவதும் நிறுத்துவதும் எப்படி ஒரே நேரத்தில் நடக்கும்? கப்சாய் மோட்டாரில் கையால் பிடிக்கும் கிளட்ச் கிடையாது. எண்ணெயைக் குறைத்தால் எஞ்சினின் பிடி விட்டுப்போய் மோட்டார் தள்ளாடும், கூட்டினால் பாய்ந்துவிடும். அதனால் கையை ஒரே அளவில் வைத்துக்கொண்டு வேகத்தைக் காலால் அடக்க வேண்டுமாம். மாஸ்டர் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு ஏதோ ஒன்று நினைவுக்கு வருவது போல வந்து போய்விட்டது.

கப்சாய் என்ற பெயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1958-இல் ஜப்பானில் வந்த ஹோண்டா சூப்பர் கப்பின் பெயரோடு, சிறியது என்று பொருள்படும் சீன ஒட்டு சேர்ந்து கப்சாய் ஆகிவிட்டது. பினாங்கு லோ பூன் சியூ ஹோண்டாவை இங்கே கொண்டுவந்து விற்றார். ஜப்பான்காரர் செய்து, சீனர் விற்று, மலாய்க்காரரும் தமிழரும் ஓட்டித் தேய்த்த மோட்டார். இந்த நாட்டில் எல்லாருக்கும் பொதுவானது எது என்று கேட்டால் நான் கொடியைக் காட்டுவதற்கு முன் கப்சாயைக் காட்டுவேன்.

அப்பாவிடம் இருந்தது சி70. நீலமும் வெள்ளையும். காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவினார். லயத்துக்கும் அவருடைய வெட்டுக்கும் இடையில் ஒரு பெரிய வாய்க்கால். அதன் குறுக்கே தென்னங்கட்டைகளைப் பிளந்து போட்ட தித்தி. நாங்கள் அதைப் பாலம் என்று சொன்னதே இல்லை, தித்தி என்றுதான் சொல்வோம். மழை பெய்தால் பாசி பிடித்து வழுக்கும். பள்ளிக்கூடம் போகும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நாங்கள் பக்கவாட்டில் நண்டு மாதிரி நகர்வோம். அப்பா அதன்மேல் மோட்டாரிலேயே போவார்.

விடிவதற்கு முன்பு, பின்னால் இருபக்கமும் காலி டின்கள் கடகடக்க அவர் கிளம்பும்போது, நான் லயத்து வாசலில் உட்கார்ந்திருப்பேன். உச்சிப்பொழுதில் திரும்பும்போது அதே டின்களில் பால் தளும்பும்.

இப்போது லயமும் இல்லை, வாய்க்காலும் இல்லை. கிள்ளானைச் சுற்றிய எத்தனையோ தோட்டங்களைப் போல அதுவும் டாமான் ஆகிவிட்டது. வரிசை வீடுகள், ஒரு ஃபுட்சால் கூடம். வாய்க்கால் இருந்த இடம் எது என்று ஒருமுறை தேடிப் போனேன். அந்தத் தெருவில் கார் கழுவும் கடை இருந்தது.

அப்பாவுக்கு லைசன்ஸ் கிடையாது. தோட்டத்துச் செம்மண் சாலையில் யாரும் கேட்க மாட்டார்கள். தோட்ட வாசலைத் தாண்டினால் காப்பார் சாலை, அங்கே எப்போது வேண்டுமானாலும் போலீஸ் மறிக்கும். அதனால் கிள்ளானுக்குப் போகும்போது வாசல் பக்கத்து மளிகைக்கடை மரத்தடியில் சி70-ஐ நிறுத்திவிட்டுப் பஸ் ஏறுவார். கோயிலுக்கு வெளியே செருப்பை விடுகிற மாதிரி விடுவார். திரும்பிப் பார்க்க மாட்டார்.

புரட்டாசிச் சனிக்கிழமையில் சுந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குப் போவோம். 1896-இலிருந்து இருக்கும் கோயில். ஆற்றைத் தாண்ட வேண்டும். கோத்தா பாலத்துக்கு இரண்டு தட்டு. அந்தக் காலத்தில் மேலே வண்டிகள், கீழே நடப்பவர்களும் சைக்கிள்களும். கீழ்த்தட்டில் நடக்கும்போது லோரிகள் தலைக்கு மேலே உருண்டு ஓடும். அப்பா என் கையை இறுக்கிப் பிடிப்பார். வாய்க்கால் தித்தியில் மோட்டாரிலேயே போகிறவர் இவ்வளவு அகலமான பாலத்தில் எதற்கு இறுக்கிப் பிடித்தார் என்று அப்போது யோசிக்கவில்லை.

“லைசன் எடுத்துத் தொலைங்களேன்” என்பார் அம்மா.

“மலாய்ல கேள்வி கேப்பானாம். நான் படிச்சது மூணாம் வகுப்பு.”

காப்பிக் காசு கொடுத்தால் வேலை முடியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். “ஓட்டத் தெரிஞ்சவனுக்கு எதுக்குக் காப்பி?” என்று விட்டுவிட்டார். ஹெல்மெட் மட்டும் தோட்டத்துக்குள்ளேயும் போடுவார். 1973-இலேயே சட்டமாகிவிட்டது என்பது அவருக்குத் தெரியுமோ என்னவோ. பால்மரத்துக் கிளை விழும் என்பார்.

எனக்குக் கேள்வி ஒரு சிரமமாக இல்லை. கம்ப்யூட்டரில் 50 கேள்வி, 42 சரியாக இருந்தால் போதும். நான் 46 வாங்கினேன். பகலிலும் மோட்டாருக்கு முன்விளக்கு எரிய வேண்டும் என்பது 1992-இல் வந்தது. அப்பா அதற்கு முன்பே பகலில் விளக்கோடுதான் போவார். பேட்டரி வீணாகிறது என்று அம்மா கத்துவார்.

திடலில் இருக்கும் வளைவுக் கம்பங்களும், ‘எல்’ ஒட்டிய மோட்டார்களும், புறப்படுமுன் வலப்பக்கம் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க வேண்டும் என்ற விதியும் நல்லவைதான். கழுத்தைத் திருப்பாவிட்டால் அதற்கும் மதிப்பெண் போகும். ஆனால் திடலில் கன்டெய்னர் லோரி கிடையாது. போர்ட் கிள்ளானிலிருந்து வரும் அந்த நீள லோரிகளுக்கு நடுவில்தான் இந்தப் பிள்ளைகள் அடுத்த மாதம் போகப் போகிறார்கள். இந்த நாட்டுச் சாலைகளில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டார்க்காரர்கள். கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டாருக்கென்று 70-களிலேயே தனித்தடம் போட்டார்கள், அது ஒரு நல்ல காரியம். மழை வந்தால் பாலத்தடியில் நூறு மோட்டார்கள் ஒதுங்கி நிற்கும். மற்றச் சாலைகளில் ஓரத்து வெள்ளைக்கோடுதான் நம்முடைய தித்தி.

நான்காவது வகுப்பு மாலையில் இருந்தது. வெளிச்சம் மங்கிவிட்டது. எனக்கு முன்னால் ஒரு பையன் தித்தியில் ஏறினான். அவன் மோட்டாரின் பின்விளக்கு பளிச்சென்று சிவந்து, அணையாமல் அப்படியே நகர்ந்து போனது.

அதுதான். விடிகாலை இருட்டு, வாய்க்கால், டின் சத்தம். அப்பா தித்தியில் ஏறியதும் அந்தச் சிவப்பு விளக்கு பிரகாசமாக எரியும். அந்தப் பக்கம் இறங்கியதும் மங்கும். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் எஞ்சின் சத்தம் ஏறாது, இறங்காது, ஒரே சுருதி. பிரேக் பிடித்தால் விளக்கு சிவக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் அப்பா பயந்துகொண்டே போகிறார் என்றுதான் இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை.

மூன்றாம் வகுப்புப் படித்தவருக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? வாய்க்காலில் எத்தனை முறை விழுந்து கற்றுக்கொண்டாரோ.

அடுத்து என் முறை. முதல் கியர். கையை ஒரே அளவில் பிடித்தேன். வலது காலை பிரேக்கில் வைத்து, முட்டை மேல் வைப்பது போல அழுத்தினேன். எஞ்சின் உறுமியது, மோட்டார் ஊர்ந்தது. கீழே பார்க்கவில்லை. இறங்கியதும் பையன்கள் கை தட்டினார்கள். இந்த முறை வேடிக்கைக்கு இல்லை என்று நினைக்கிறேன்.

வேலிக்கு வெளியே மகன் காரோடு காத்திருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றாமலே போய்க் கேட்டேன்.

“டேய், நான் மேல போறப்ப பின்னால சிவப்பு விளக்கு எரிஞ்சுச்சா?”

“எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சும்மா, கடைசி வரைக்கும்” என்றான். “ஏம்மா, ரொம்பப் பயந்துட்டீங்களா?”