கடவுள் மேல் கோபப்படலாமா?

1/
கடவுள் மேல் கோபப்பட்டா பாவமா? ஞாயிற்றுக்கிழமை சபையில் இதை யாரும் கேட்க மாட்டாங்க. எமர்ஜென்சி வார்டு வாசலில் கேட்பாங்க. நரிக்குடி பக்கம் வேலை பார்க்கும் அரசு மருத்துவர் நான். பார்த்ததையும் வேதத்தில் படித்ததையும் சேர்த்து எழுதுறேன். கொஞ்சம் நீளமான பதிவு.

2/
எங்க பக்கம் கோடையில் வீட்டுக்குள்ள படுக்க முடியாது. திண்ணையில், தரையில் பாய் விரிச்சுத் தூங்குவாங்க. கட்டுவிரியன் ராத்திரியில்தான் வரும். கடிச்சா பெருசா வலிக்காது, வீங்காது. விடியக்காலம் வயிறு வலிக்கும். அப்புறம் இமை தொங்கும். கடைசியில் மூச்சு நின்னுடும்.

அப்படி ஒரு விடியலில் பைக்கில் தூக்கிட்டு வந்த பிள்ளைக்கு, வரும்போதே மூச்சில்லை. டியூப் போட்டோம், விஷமுறிவு மருந்து ஏத்தினோம், நெஞ்சை அழுத்தினோம். பிள்ளை திரும்பல.

3/
அப்பா அழல. "வாரம் தவறாம சபைக்குப் போனோமே சார், ஏசப்பா எங்க போனாரு?"ன்னு கத்தினார். கூட வந்த பெரியவர், "அப்படிப் பேசாதப்பா, எல்லாம் கர்த்தருடைய சித்தம்" என்றார். அந்த அப்பாவின் முகம் இன்னும் இறுகிப் போச்சு.

ஜெபம் பண்ணிட்டு டியூட்டிக்குப் போறவன் நான். அன்னைக்கு எனக்குள்ளயும் அதே கோபம்தான் இருந்துச்சு.

4/
அந்த வாரம் யோபு புத்தகத்தை முழுசா படிச்சேன். ஏழு மகன், மூணு மகள், பத்துப் பேரையும் ஒரே நாளில் இழந்தவர் யோபு. பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்தாங்க. அதுவரை சரி. அப்புறம் வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பிச்சாங்க: நீ பாவம் செஞ்சிருப்பே, தேவன் நீதியுள்ளவர். யோபுவோ தேவனையே வழக்குக்குக் கூப்பிடுறார்.

5/
முடிவில் தேவன் யாரைக் கடிந்துகொண்டார் தெரியுமா? தம்மைத் தாங்கிப் பேசிய நண்பர்களை! தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியது யோபுதான் என்கிறார்.

யோபுவுக்கும் 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கல. பதிலுக்கு தேவனே பேச வந்தார். அப்போதுதான் யோபு கையால் வாயைப் பொத்திக்கிறார். பயபக்தின்னா கோபத்தை முழுங்கிட்டு நல்ல பிள்ளையா நடிக்கிறதுன்னு நினைச்சிருந்தேன். வேதத்தில் அது கோபத்தை அவர் முன்னாடியே கொட்டின பிறகுதான் வருது.

6/
கீழ்ப்படிதல்? அதுக்கு நம்ம மண்ணிலேயே ஒரு ஆள் உண்டு, ஐடா ஸ்கடர். 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்க மிஷனரி டாக்டரின் மகள். நம்ம தாத்தா பாட்டி சொல்லும் தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினிக் குழந்தைகளைச் சின்ன வயசிலேயே பார்த்தவர். இந்த ஊரே வேணாம்னு இருந்தவர். நோயாளியான அம்மாவைப் பார்த்துக்கத்தான் 1890-களில் திண்டிவனத்தில் இருந்தார்.

ஒரே இரவில் மூணு பேர் தனித்தனியா வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் மனைவிக்கு உதவி கேட்டாங்க. அப்பா டாக்டர்தான், ஆனா ஆண் டாக்டர் கூடாதுன்னாங்க. ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. காலையில் மூணு பெண்களும் இறந்திருந்தாங்க.

7/
அந்த மூணு பேர் ஏன் சாகணும்னு ஐடாவுக்கும் பதில் கிடைக்கல. வேலைதான் கிடைச்சுது. 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம். 1900-ல் திரும்பி வந்தார். அதே வருஷம் வழிகாட்ட இருந்த அப்பாவும் இறந்துட்டார். அப்பவும் ஊருக்குத் திரும்பல. 1902-ல் வேலூரில் மருத்துவமனை, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்னைக்கு நாம 'சிஎம்சி'ன்னு சொல்றது அதைத்தான்.

8/
"எல்லாம் விதி"ன்னு கையைக் கட்டி உட்காருவது வேற, கீழ்ப்படிதல் வேற. எனக்கு அது, கோபத்தோடயே ஜெபம் பண்ணிட்டு அடுத்த நாள் டியூட்டிக்குப் போய், விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி இருப்பில் இருக்குன்னு எண்ணிப் பார்ப்பது.

9/
ரெண்டு வேண்டுகோள்.

தரையில் படுக்காதீங்க. முடியலன்னா கொசுவலையை ஓரம் செருகிக் கட்டுங்க. விடியக்காலம் காரணமில்லாம வயிறு வலிச்சு இமை தொங்கினா, கடிவாய் தேடாதீங்க. நேரா அரசு மருத்துவமனைக்கு வாங்க. மருந்து இலவசம்.

துக்க வீட்டுக்குப் போனா காரணம் சொல்லாதீங்க. பக்கத்தில் உட்காருங்க. அவங்க கடவுளைத் திட்டினா திட்டட்டும். யோபு திட்டாததையா திட்டிடப் போறாங்க?