இருபத்து மூன்று சொற்கள்

களுபோவில போதனா வைத்தியசாலை எனது வீட்டிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில்தான் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் நடுவராக இருந்த கட்டுரைப் போட்டியொன்றில், அதன் வாயிலில் இரவுகளைக் கழிக்கும் நோயாளிகளின் உறவினர்களைப் பற்றி ஒரு மாணவி எழுதியிருந்தார். எனக்கு வந்தவற்றில் மனதைத் தொட்ட கட்டுரை அதுவே. ஆனால், விதி 500 சொற்கள் என்றது. கணினி 523 என்றது. ஒதுக்கிவிட்டேன்.

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில் சொற்களை எவரும் எண்ணியதில்லை. "எத்தனை அங்குலம் வரும்?" என்பதே ஆசிரியபீடத்தின் கேள்வி. மிகுந்தால் கடைசிப் பந்தியை வெட்டுவோம். கணினி வந்த பின்னர், அது காட்டும் எண்ணை வேதவாக்காகக் கொள்ளப் பழகிவிட்டோம்.

பரிசளிப்பு முடிந்த பின்னரும் மனம் கேளாமல் அக்கட்டுரையை மீண்டும் திறந்தேன். மைக்ரோசொப்ட் வேர்ட் எண்ணுவது இடைவெளிகளைக் கொண்டுதான். தமிழ் இலக்கணம் அதற்குத் தெரியாது. 'வந்துகொண்டிருந்தார்கள்' என்றால் ஒன்று. 'வந்து கொண்டிருந்தார்கள்' என்றால் இரண்டு. மாணவி துணைவினைகளைப் பிரித்தே எழுதியிருந்தார். இருபுறமும் இடைவெளி விட்டு அவர் இட்ட சிறு கோடுகளும் சொற்களாகக் கணக்கில் ஏறியிருந்தன. கோடுகளை நீக்கி, துணைவினைகளைச் சேர்த்தேன். 488. பரிசு பெற்ற கட்டுரையை அவரது முறைப்படி பிரித்துப் பார்த்தேன். அது 500ஐத் தாண்டியது!

எழுத்துக்களை எண்ணினாலும் இதே சங்கடம்தான். 'கொழும்பு' என்ற சொல்லில் பாலர் வகுப்புப் பிள்ளை நான்கு எழுத்துக்களை எண்ணும். யுனிகோட்டில் அது 8 குறியீடுகள். நாம் நெடுங்காலம் பயன்படுத்திய பாமினி எழுத்துருவில் 7.

நமது முன்னோர் இதில் தெளிவாக இருந்தார்கள். கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17. ஆனால் புள்ளி வைத்த மெய்யெழுத்துக்கள் கணக்கில் சேரா. எதை எண்ணுவது என்று முதலில் வகுத்துக்கொண்டே அவர்கள் எண்ணினார்கள். நாமோ எண்ணிக்கையை மட்டும் விதித்துவிட்டு, எதை எண்ணுவது என்பதை இயந்திரத்திடம் விட்டுவிட்டோம்.

அன்று முதல், எனது பொறுப்பில் வரும் போட்டிகளில் மூன்று விடயங்களை முன்கூட்டியே அறிவிக்கச் செய்கிறேன். துணைவினைகளைச் சேர்த்து எழுத வேண்டும். தனித்து நிற்கும் கோடுகள் சொற்களாகா. அடிக்குறிப்புகள் கணக்கில் சேருமா, சேராதா என்பது விதியிலேயே இருக்க வேண்டும். வேர்ட்டில் அதைத் தெரிவுசெய்ய ஒரு சிறு கட்டம் உண்டு. இவற்றுக்குப் பின்னரும் பத்துச் சொற்கள் மிகுந்தால், நான் கட்டுரையை வாசிக்கிறேன், எண்ணைப் பார்ப்பதில்லை.

இவற்றால் அந்த மாணவிக்குப் பயனேதும் இல்லை. ஏற்பாட்டாளர்களிடம் சொன்னேன், முடிவு முடிவுதான் என்றார்கள். அவர் இன்று எங்கிருக்கிறாரோ, இன்னும் எழுதுகிறாரோ, அறியேன். எங்கேனும் இதை வாசிக்க நேர்ந்தால் அவருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: தங்கையே, உமது கட்டுரை நீளமானதன்று. எண்ணத் தெரியாமல் எண்ணியவன் நான்தான்.