அய்யலூர் சந்தையில் நாட்டுக்கோழி வாங்கப் போறீங்களா? வீட்டுக்கூட்டில் விடும் முன் இதைக் கவனிங்க!

திண்டுக்கல்லில் இருந்து திருச்சி போகும் நான்குவழிச் சாலையில், வடமதுரையைத் தாண்டினால் அய்யலூர். மற்ற நாள்களில் அமைதியான ஊர்தான். வியாழக்கிழமை விடிந்தால் ஆடு, நாட்டுக்கோழி, கட்டுச்சேவல் என வாரச்சந்தை களைகட்டிவிடும். தீபாவளி நெருங்கினால் நிற்கவே இடம் இருக்காது.

கூடையிலும் சாக்கிலும் கோழிகள் வந்து இறங்குகின்றன. கால்களைக் கட்டி, பைக்கில் தலைகீழாகத் தொங்கவிட்டும் கொண்டு வருகிறார்கள். வீட்டில் பத்து கோழி வளர்க்கும் பெண்களுக்கு அதுதான் உண்டியல். பிள்ளைக்கு ஸ்கூல் பேக், திடீர் மருத்துவச் செலவு என்றால், இரண்டைப் பிடித்து விற்றுவிடலாம். அந்தக் கூடு ஒரே வாரத்தில் காலியானால் எப்படி இருக்கும்?

அப்படிக் காலி செய்யக்கூடியது வெள்ளைக்கழிச்சல். ராணிகேத் நோய் என்பதும் இதைத்தான். வைரஸ் நோய் என்பதால், வந்தபின் குணப்படுத்த மருந்து கிடையாது. கிருமி தொற்றி அறிகுறி தெரிய சில நாள்கள் முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம். ஆக, சந்தையில் கம்பீரமாகக் கூவும் சேவலும் நோயோடு உங்கள் வீட்டுக்கு வரலாம்.

முதலில் தனிக்குடித்தனம்

புதுக்கோழியை நேராகப் பழைய கோழிகளோடு விடாதீர்கள். மூன்று வாரம் தள்ளி ஓர் இடத்தில், தனித் தீவனம், தனித் தண்ணீரோடு வையுங்கள். பழைய கோழிகளுக்குத் தீனி போட்ட பிறகே புதுசிடம் போங்கள். திரும்பியதும் கை, கால், செருப்பைக் கழுவுங்கள்.

கூட்டில் எத்தனை கோழி?

இரவு அடைய ஒரு கோழிக்கு 2 சதுர அடி இருந்தால் நல்லது. 4 அடிக்கு 5 அடி கூடு என்றால் 10 கோழிதான். அதற்கு மேல் அடைத்தால் ஒன்றையொன்று கொத்தும். எச்சம் சேர்ந்து தரை ஈரமாகும். அந்த ஈரத்தில்தான் ரத்தக்கழிச்சல் பரவும்.

ஒரு சின்ன சோதனை: காலையில் கூட்டைத் திறந்து முகத்தை அருகில் கொண்டு போங்கள். கண் எரிந்தால், கூட்டில் காற்றோட்டம் போதவில்லை அல்லது கோழி அதிகம் என்று அர்த்தம். ஈரமான உமியையும் தேங்காய் நாரையும் மாற்றிவிடுங்கள்.

தடுப்பூசி தப்பக் கூடாது

குஞ்சு பொரித்த 7-ம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, 8-வது வாரம் இறக்கையில் ஊசி. இரண்டும் வெள்ளைக்கழிச்சலுக்குத்தான். அருகில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். ஆரோக்கியமான கோழிக்கு மட்டுமே போட வேண்டும்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை

ஒரு கோழி தூங்கி விழ ஆரம்பித்ததும், 'மிச்சத்தையாவது காசாக்குவோம்' என்று சந்தைக்கு ஓடுகிற பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அவசரம் புரிகிறது. ஆனால், அந்த மிச்சத்தை வாங்கிப் போகிறவர் வீட்டிலும் பத்து கோழிதான் இருக்கும். அவர்களுக்கும் அதுதான் உண்டியல்.

நோய் கண்டால் விற்பனையை நிறுத்தி, கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். இறந்த கோழியை வாய்க்காலில் வீசாமல், சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். அடுத்த வியாழக்கிழமை சந்தைக்குப் போகிறவர்கள், வீட்டில் தனிக்கூடு ஒன்றைத் தயார் செய்துவிட்டுக் கிளம்புங்கள்!