டிவியில் நாய்க்குட்டி: சில குறிப்புகள்

2003. ஹட்ச் விளம்பரம். ஒரு பையன். பின்னாலேயே ஒரு பக் நாய். அவன் போகும் இடமெல்லாம் அதுவும் போகிறது. வசனம் கிடையாது.

அந்த நாயின் பெயர் சீக்கா. அப்போது யாருக்கும் தெரியாது. கடையில் போய் ‘ஹட்ச் நாய் இருக்கா’ என்றுதான் கேட்டார்கள். 2007இல் கம்பெனி வோடஃபோன் ஆனதும் ‘வோடஃபோன் நாய்’. விலை ஏறியது.

புதுச்சேரி தவளக்குப்பத்தில் இன்றைக்கும் சில பெரியவர்களுக்கு அது ஹட்ச் நாய்தான். கம்பெனிப் பெயர் போய்விட்டது. நாய் தங்கிவிட்டது.

விளம்பரத்தில் அது ஓடும்போது பாட்டுதான் கேட்கும். மூச்சு கேட்காது.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் தெரியும் அந்த மூச்சு. தூங்கும்போது குறட்டை. ‘எவ்ளோ அழகா குறட்டை விடுது பாருங்க’ என்று போனில் எடுத்து அனுப்புகிறார்கள். நசுங்கிய முகத்துக்குள் மேலண்ணத்துக்கு இடம் போதாமல் அது தொண்டையை அடைக்கிற சத்தம்.

நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். ஈரம் ஆவியானால்தான் சூடு இறங்கும். மே மாதம், நல்லவாடு கடற்கரை, காற்றே ஈரம். நீள மூக்கு நாய்க்கே திண்டாட்டம்.

மூக்கே இல்லாத நாய்க்கு?

தமிழ்நாடு அரசு 2024இல் நாய் இனப்பெருக்கக் கொள்கை வெளியிட்டது. இந்த வெயிலுக்கு ஒத்துவராதவை, இனவிருத்தி செய்யக்கூடாது என்று ஒரு பட்டியல். சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், திபெத்தியன் மஸ்டிஃப், பிரெஞ்சு புல்டாக். பக்கும் அதில் இருந்தது. விஷயம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

தவளக்குப்பத்திலிருந்து கடலூர் சாலையில் தெற்கே போனால் கிருமாம்பாக்கம், அப்புறம் முள்ளோடை. அதைத் தாண்டினால் தமிழ்நாடு. கொள்கை அந்தப் பக்கம். இந்தப் பக்கமும் அதே வெயில்.

அனிமல் பிளானெட்டில் ‘டூ க்யூட்’ என்று ஒரு தொடர். 2011இல் தொடங்கியது. குட்டிகள் பிறந்ததிலிருந்து புது வீடு போகும்வரை. கண் திறப்பது, முதல் முறை எழுந்து நிற்பது, தண்ணீர்க் கிண்ணத்துக்குள் விழுவது.

பார்க்காமல் இருக்க முடியவில்லை. எனக்கும்தான்.

குட்டி பிறக்கும்போது கண்ணும் மூடியிருக்கும், காதும் மூடியிருக்கும். கண் திறக்கப் பத்து முதல் பதினான்கு நாள். காது அதற்கும் கொஞ்சம் பின்னால். மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை உலகத்தைப் பழகிக்கொள்ளும் காலம். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று கூடப் பிறந்தவற்றிடமும் தாயிடமும்தான் கற்றுக்கொள்கிறது. ஸ்காட், ஃபுல்லர் இருவரும் அமெரிக்காவில் பல வருஷம் நாய்க்குட்டிகளோடு இருந்து 1965இல் புத்தகமாக எழுதினார்கள்.

டிவியில் அந்த வாரங்கள் எல்லாம் ஒரு மணி நேரம். நடுவில் விளம்பரம்.

தாய் எப்போதாவது வரும். பால் கொடுக்கும்போது வயிறு மட்டும். முகம் தெரிகிற காட்சி குறைவு.

தகப்பன் நாய் வந்ததாக நினைவில்லை.

உள்ளூர் கேபிளில் கீழே ஓடும் எழுத்து. ‘லேப் குட்டிகள் விற்பனைக்கு. 30 நாள். ஆண் பெண் உள்ளது.’

30 நாள்.

2017 மே மாதம் மத்திய அரசு நாய் இனப்பெருக்கம், விற்பனைக்கான விதிகளைக் கொண்டுவந்தது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது. பெண் நாய்க்குப் பதினெட்டு மாதம் ஆகாமல் இணை சேர்க்கக்கூடாது. எட்டு வயதுக்கு மேல் கூடாது. பன்னிரண்டு மாதத்தில் ஒரு ஈத்துதான். ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது. காது வெட்டக்கூடாது, வால் நறுக்கக்கூடாது. மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு கட்டாயம்.

இதை எந்தச் சேனலிலும் சொல்லிக் கேட்டதில்லை. எழுத்தாக ஓடியும் பார்க்கவில்லை.

காலையில் விவசாய நிகழ்ச்சி. கோழி, ஆடு, அப்புறம் ஒரு வாரம் நாய். ‘குறைந்த முதலீட்டில் நிறைந்த வருமானம்.’ ஒரு ஈத்துக்கு எத்தனை குட்டி, ஒரு குட்டி என்ன விலை, வருஷத்துக்கு எவ்வளவு நிற்கும். பேட்டி எடுப்பவர் கையில் ஒரு குட்டி. மடியில் ஒன்று. பின்னால் கூண்டு.

‘வருஷத்துக்கு ரெண்டு ஈத்து எடுக்கலாங்க.’ வளர்ப்பவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார். ஏமாற்றுகிற முகம் இல்லை. பேட்டி எடுப்பவரும் தலையாட்டுகிறார்.

இரண்டு பேரில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

கூண்டுக்குள் ஒரு பெட்டை எழுந்து நின்று கேமராவைப் பார்க்கிறது. மடி தொங்கிப்போயிருக்கிறது. ஒரு நொடி. அடுத்த காட்சி தீவனம்.

1962, டிசம்பர். பிபிசியில் ‘ப்ளூ பீட்டர்’ என்ற சிறுவர் நிகழ்ச்சி. நேயர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு குட்டி என்று கொண்டுவந்து காட்டினார்கள். ஓரிரு நாளில் டிஸ்டெம்பர் வந்து செத்துவிட்டது. பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று நினைத்தார்கள். லண்டன் கடைகளில் அலைந்து அதேபோல் இன்னொன்றைத் தேடிப் பிடித்து அடுத்த நிகழ்ச்சியில் காட்டினார்கள். யாருக்கும் தெரியவில்லை. அதற்குத்தான் பெட்ரா என்று பெயர் வைத்தார்கள். பல வருஷம் இருந்தது.

அந்த முதல் குட்டிக்குப் பெயர்கூட இல்லை.

டிஸ்டெம்பருக்கு அன்றைக்கே தடுப்பூசி இருந்தது. பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் எத்தனை வீட்டில் ஊசி போட்டிருப்பார்கள்?

இங்கே குட்டிகளைக் கொல்லும் நோய் பார்வோ. வாங்கி வந்த நாலாவது நாள் வாந்தி, இரத்தமாகப் பேதி. கால்நடைக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். துண்டில் சுற்றி, மடியில் வைத்து, பைக்கில் பின்னால் உட்கார்ந்து.

‘டிவில பாத்தப்போ நல்லாத்தானே இருந்துச்சு’ என்று ஒரு அம்மா. எந்த நாயை டிவியில் பார்த்தார்?

2008, ஆகஸ்ட் 19. அதே பிபிசி. ‘பெடிக்ரீ டாக்ஸ் எக்ஸ்போஸ்ட்’. ஜெமிமா ஹாரிசன் எடுத்த ஆவணப்படம். பரிசு வாங்கிய இனங்களுக்குள் என்னென்ன நோய் என்று காட்டியது. கேவலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பேனியல், மண்டை ஓடு மூளைக்குச் சின்னதாகிப்போய் வலியில் துடிக்கிறது. பிரிட்டனில் பத்தாயிரம் பக். மரபணுக் கணக்கில் பார்த்தால் ஐம்பது நாய்க்குச் சமம்.

1966 முதல் க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியை ஒளிபரப்பியது பிபிசிதான். படம் வந்த பிறகு, 2009இல் ஒளிபரப்பவில்லை.

ஒரு டிவி நிறுவனம் தான் வருஷக்கணக்கில் காட்டியதையே நிறுத்தியது. இதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

புல்டாக், பிரெஞ்சு புல்டாக். பிரிட்டனில் எடுத்த கணக்கில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட ஈத்து அறுவை சிகிச்சையில்தான். குட்டியின் தலை பெரிசு, தாயின் இடுப்பு குறுகல். தானாகப் பெற முடியாத உடம்பை நாம் செய்துவைத்திருக்கிறோம்.

ஊட்டி நாய்க் கண்காட்சி. வருஷா வருஷம் மே மாதம் செய்தியில். சீவிவிட்ட முடி, கோப்பை, குளிர். செய்தி வாசிப்பவர் ‘பார்வையாளர்களைக் கவர்ந்தன’ என்பார்.

‘ஓ மை டாக்’, 2022. ஊட்டிக் கதை. ஹஸ்கி குட்டி, கண் தெரியாது. வளர்ப்பவர் அதைக் கொன்றுவிடச் சொல்கிறார். ஒரு சின்னப் பையனிடம் வந்து சேர்கிறது. படம் முழுக்கப் பையன் பக்கம் நின்று அழுதேன்.

ஊனமான குட்டி என்ன ஆகும் என்று தமிழில் வாய்விட்டுச் சொன்ன படம் அது. அதற்காகவே பிடிக்கும்.

ஆனால் ஹஸ்கி. கடைசியில் போட்டியில் ஜெயிக்கவும் வேண்டும்.

‘777 சார்லி’, அதே வருஷம், கன்னடத்திலிருந்து. லேப் பெட்டை. கூண்டில் அடைத்துக் குட்டி எடுக்கும் இடத்திலிருந்து தப்பி வருகிறது. பின்னால் புற்றுநோய். நெருங்கிய இரத்தத்துக்குள்ளேயே இணை சேர்த்ததால் வந்தது என்று படமே சொல்கிறது. தத்தெடுங்கள் என்றும் சொல்கிறது.

தெரிந்த வீட்டுப் பெண் பிள்ளை படம் முடிந்து அழுத கண்ணோடு அப்பாவிடம் கேட்டது: லேப் குட்டி.

கிர்லாண்டா, அசெர்பி, ஹெர்ஸாக் மூன்று பேரும் அமெரிக்கப் பதிவேடுகளை எடுத்து 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு நாய்ப் படம் வந்தால் அந்த இனத்தின் பதிவு பத்து வருஷம் வரைக்கும் ஏறலாம்.

ஒரு நாயின் ஆயுள் பத்து, பன்னிரண்டு வருஷம்.

2020, ஆகஸ்ட் 30. பிரதமர் ‘மன் கீ பாத்’தில் இந்திய நாய்களைப் பற்றிப் பேசினார். ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை. அன்று இரவே எல்லாச் சேனலிலும் வெள்ளை ராஜபாளையம். 2005இலேயே தபால்தலையில் வந்த நாய்தான்.

உள்நாட்டு இனம் கவனத்துக்கு வந்தது நல்லது. மனசார நல்லது.

வெள்ளை ராஜபாளையத்தில் காது கேளாமல் பிறக்கும் குட்டிகள் உண்டு. உள்காதில் நிறமிச் செல் இல்லாமல் போனால் ஒலியை வாங்கும் செல்கள் சில வாரத்திலேயே அழிந்துவிடும். டால்மேஷனுக்கும் இதே சிக்கல். தூய வெள்ளைதான் வேண்டும் என்று கேட்கக் கேட்க, வெள்ளைக்கு வெள்ளையே சேர்ப்பார்கள்.

செய்தியில் நிறத்தைப் பற்றிப் பேசினார்கள். வீரத்தைப் பற்றிப் பேசினார்கள். காதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சைதாப்பேட்டையில் 1980களின் தொடக்கத்திலிருந்து அரசே நடத்திய ஒரு நிலையம் இருந்தது. நாட்டு இனங்களைக் காப்பதற்கு. பராமரிப்பு சரியில்லை என்று வழக்கு. உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது.

பிரான்சில் ஒரு நிகழ்ச்சி: ‘30 மில்லியோன் தமி’. 1976 ஜனவரியில் தொடங்கியது. நடத்தியவர் ஜான்-பியேர் உத்தேன். கூடவே அவருடைய நாய் மப்ரூக். கைவிடப்பட்ட நாய்களைக் காட்டினார்கள். தத்துக்குக் கேட்டார்கள். அந்தப் பெயரிலேயே ஓர் அறக்கட்டளை வளர்ந்தது. விலங்குக்கு உணர்வு உண்டு என்று 2015இல் பிரெஞ்சு சிவில் சட்டத்தில் எழுதப்பட்டதற்குப் பின்னால் அவர்களுடைய இயக்கமும் இருந்தது.

புதுச்சேரியில் சொல்தா வீடுகள், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் வீடுகள், அவற்றின் பேரன் பேத்திகள் பிரான்சில் இருக்கிறார்கள். 2024 ஜனவரியிலிருந்து அங்கே கடையில் நாய்க்குட்டி விற்கக்கூடாது. முதன்முதலாக நாய் வாங்குகிறவர் பொறுப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டு ஏழு நாள் கழித்துத்தான் நாய் கைக்கு வரும்.

ஏழு நாள் யோசிக்க.

இங்கே, ‘இன்னைக்கே எடுத்துட்டுப் போலாம் சார்.’

இரவு எட்டு மணி விவாதம். தெருநாய். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவு வந்த நாட்களில் தினமும். சிசிடிவியில் ஒரு குழந்தையை நாய் துரத்தும் அதே காட்சி, திரும்பத் திரும்ப, சிவப்பு வட்டம் போட்டு. கடிபட்ட குழந்தையின் வலி நிஜம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விவாதத்தின் இடைவேளையில் பிஸ்கட் விளம்பரம். அதில் ஒரு கோல்டன் ரெட்ரீவர் குட்டி.

பூரணாங்குப்பம் போகும் வழியில் ஒரு காலி மனை. பழுப்பு நிறப் பெட்டை ஈன்றிருக்கிறது. மீன்காரம்மா தலை, வால் எல்லாம் போட்டுவிட்டுப் போகிறார். கறுப்புக் குட்டி ஒன்றை யாரோ தூக்கிப் போய்விட்டார்கள். மற்றவை எல்லாம் பெண். பெண் குட்டியை யாரும் தூக்குவதில்லை.

லேப் விலையிலும் அப்படித்தான். ஆண் குட்டிக்குத்தான் விலை அதிகம்.

பெண் குட்டியை விலை கொடுத்து வாங்குபவர்களில் பாதிப் பேர் குட்டி எடுக்கத்தான் வாங்குகிறார்கள் என்று ஒரு கால்நடை உதவியாளர் சொன்னார். ‘ஒரு தடவ போட்டா போட்ட காசு வந்துடும்னு நெனக்கிறாங்க.’

இடையார்பாளையத்து நண்பர் ராஜபாளையம் குட்டிக்கு முன்பணம் கட்டிவிட்டார். யூடியூபில் பார்த்து, அப்புறம் வீடியோ காலில் பார்த்து. வெள்ளை. மூக்கு ரோஜா நிறம்.

எத்தனை வாரம் என்று கேட்டேன். ‘அஞ்சு.’ இன்னும் மூன்று வாரம் தாயிடமே இருக்கட்டும், அப்புறம் நேரில் போங்கள் என்றேன். குட்டி தூங்கும்போது பின்னால் நின்று கையைத் தட்டிப் பாருங்கள். காற்று மேலே படாமல் தள்ளி நின்று. ஊசி போட்ட அட்டையைக் கேளுங்கள்.

தாயைக் காட்டினார்களா?

‘கேட்டேன். அது உள்ள இருக்கு, வெளியாளுங்கள பாத்தா கத்தும்னு சொன்னாங்க.’

கத்தட்டும், எலும்பு தெரிகிறதா, இது எத்தனையாவது ஈத்து, வயசு என்ன, இதெல்லாம் பார்க்காமல் மீதிப் பணம் அனுப்ப வேண்டாம் என்றேன். நாளைக்குத் திரும்பவும் வீடியோ கால் போடப்போகிறார். கூட நானும் இருப்பேன்.