எப்போதிலிருந்து?

பிள்ளையைப் பற்றிக் குறை சொல்ல வரும் அம்மாக்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "எப்பலேருந்தும்மா இப்படிப் பண்றான்?" பாதிப் பேருக்கு இந்தக் கேள்வியே பிடிக்காது. "பொறந்ததுலேருந்தே இப்படித்தான் டீச்சர்" என்று வெடுக்கென்று பதில் வரும். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், பொங்கல் வரைக்கும் ஒழுங்காகத்தான் இருந்தான் என்பார்கள். இன்னும் பேசினால், பொங்கலுக்கு அப்புறம் வீட்டில் என்ன நடந்தது என்பதும் வெளியே வந்துவிடும். பிறவிக் குணம் வேறு, போன மாதம் முளைத்த குணம் வேறு. அடம் பிடித்தே வளர்ந்த பிள்ளையை மெல்ல மெல்லப் பக்குவப்படுத்தலாம். சாதுவாக இருந்து திடீரென்று கடிக்கிற பிள்ளைக்குக் காரணம் தேட வேண்டும். ஓய்வு பெற்று சிதம்பரத்தில் வந்து உட்கார்ந்த பிறகும் தெருக்காரர்கள் என்னிடம் பிள்ளைகளைக் கூட்டி வருகிறார்கள். நானும் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் கடலூர் மாவட்டத்தில் ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வியைக் கேட்கவே தேவை இருக்கவில்லை. நாள் எல்லோருக்கும் தெரியும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அரையாண்டு விடுமுறை. மார்கழிப் பௌர்ணமி, சிதம்பரத்தில் திருவாதிரைக்கு வந்த கூட்டம். காலை ஆறரை மணிக்குச் சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலுக்கு அடியில் பூமி அசைந்தது. இரண்டு மணி நேரம் கழித்து தேவனாம்பட்டினத்திலிருந்து கிள்ளை எம்.ஜி.ஆர். திட்டு வரை சுனாமித் தண்ணீர் ஏறிவிட்டது. மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் போனார்கள். பள்ளிக்கூடம் இல்லாத நாள் என்பதால் கரையோரத்துப் பிள்ளைகள் வீட்டிலும் மணலிலும்தான் இருந்தார்கள்.

ஜனவரியில் பள்ளி திறந்தோம். கல்யாண மண்டபங்களில் தங்கியிருந்த குடும்பங்கள் தார் ஷீட் கொட்டகைகளுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். நாங்கள் பயந்ததுபோல் பிள்ளைகள் அழவில்லை. வேறு வேறு விதமாக மாறியிருந்தார்கள். பத்து வயதுப் பையன் பாயை நனைத்தான். வாயாடிப் பெண் ஒருத்தி பேச்சையே விட்டிருந்தாள். சாதுவானவன் பக்கத்துப் பையனின் மண்டையைச் சிலேட்டால் உடைத்தான். அம்மா கழிப்பறைக்குப் போனாலும் கதவுக்கு வெளியே நின்று அலறுகிற பிள்ளைகள் எத்தனையோ. ஒரு பையன் வகுப்புக்குள் செருப்பைக் கழற்ற மாட்டான். மற்றவர்கள் எல்லாரும் வாசலில் விட்டுவிட்டு வருவார்கள். இவன் மாட்டிய செருப்போடு வந்து கதவோரம்தான் உட்காருவான். பையையும் முதுகிலிருந்து இறக்க மாட்டான். ஏன்டா என்று கேட்டதற்கு, "ஓடணும்ல டீச்சர்" என்றான். அவ்வளவுதான். அதற்கு மேல் அவனிடம் யாரும் செருப்பைப் பற்றிப் பேசவில்லை. மழைக்காலம் ஒன்று வந்து போன பிறகு அவனாகவே கழற்றினான்.

இடைவேளையில் ஒரு விளையாட்டு நடக்கும். நாலைந்து பேர் கைகோத்து அலையாக ஓடிவருவார்கள். மற்றவர்கள் கத்திக்கொண்டு சிதறுவார்கள். பிடிபட்டவர்கள் படுத்துவிட வேண்டும். படுத்தவர்களை வரிசையாகக் கிடத்துவதும் ஆட்டத்தில் சேர்ந்ததுதான். பார்த்தவுடன் நிறுத்தச் சொல்லத்தான் வாய் வரும். ஆனால் இப்படி ஆடியது எங்கள் பிள்ளைகள் மட்டுமல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் சௌச்சில்லா என்றொரு சிற்றூர். 1976 ஜூலையில் அங்கே ஒரு பள்ளிப் பேருந்தை மறித்து, ஓட்டுநரையும் 26 பிள்ளைகளையும் கடத்திப் போய், ஒரு கல் குவாரியில் வண்டிக்கூண்டுக்குள் அடைத்து மண்ணைப் போட்டு மூடினார்கள். அவர்களாகவே வழி உண்டாக்கி வெளியே வந்துவிட்டார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை என்று ஊரே நிம்மதி அடைந்தபோது, லெனோர் டெர் என்ற மனநல மருத்துவர் அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து போய்ப் பார்த்தார். காயம் படாத பிள்ளைகளும் அந்தச் சம்பவத்தையே சலிக்காமல் விளையாடிக்கொண்டிருந்ததை எழுதி வைத்தார். வாயால் சொல்லத் தெரியாததைப் பிள்ளை கையாலும் காலாலும் சொல்லிப் பார்க்கிறது. சொல்லி முடித்துவிட்டால் ஆட்டம் தானாக ஓயும். பல மாதமாக ஓயாமல், ஆடி முடித்த பிறகும் பிள்ளை இறுகிப்போயே இருந்தால்தான் பெரியவர்கள் உள்ளே போக வேண்டும்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்திலிருந்து வந்தவர்கள் கடலோர மாவட்டங்களில் ஆசிரியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பெரிய மந்திரம் எதுவும் இல்லை. பேச வந்தால் கேள், வற்புறுத்தாதே, படம் வரையவிடு, மணி அடிக்கிற நேரத்துக்கு மணி அடி, சோறு போடுகிற நேரத்துக்குச் சோறு போடு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அம்மா அப்பா இருவரையும் இழந்தவர்களுக்குக் கடலூரில் அரசு இல்லம் திறந்தார்கள். அவர்கள் கதை வேறு, நீளம்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அந்த வருஷம் பிரம்பு வைத்திருந்த ஆசிரியர்கள்கூட இந்தப் பிள்ளைகள்மீது கை வைக்கவில்லை. பாய் நனைத்ததற்கு எந்த ஆயாவும் திட்டவில்லை. நாம் திடீரென்று நல்லவர்களாகிவிட்டோம் என்று இதற்கு அர்த்தமில்லை. பிள்ளை மாறிய நாள் பேப்பரில் வந்திருந்தது, அவ்வளவுதான். ஒரு வீட்டுக்குள் மட்டும் நடந்த விஷயத்துக்குப் பேப்பர் கிடையாது. அந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் அடி விழுகிறது.

பரங்கிப்பேட்டைப் பக்கம் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒரு வாரத்தில் அவள் நோட்டைக் கிழிக்கவும், பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளவும், டிபனைக் கொட்டிவிட்டு வரவும் ஆரம்பித்தாள். அம்மாவைக் கூப்பிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "வீட்ல ஒரு குறையும் இல்ல டீச்சர். அவங்க வாப்பா வேற ரெண்டு வருஷம் கழிச்சு துபாய்லேருந்து வந்திருக்காங்க. பொம்ம, சாக்லேட்டு, கவுனு, எல்லாம் வாங்கியாந்திருக்காங்க. எல்லாரும் சந்தோஷமாத்தான் இருக்கோம்" என்றார். எல்லாரும் சந்தோஷமாக இருந்ததால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ராத்திரி எங்கே படுக்கிறாள் என்று கேட்டேன். அந்த அம்மா கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு, பாட்டிகூடப் படுக்கச் சொல்லிவிட்டோம் என்றார். இரண்டு வருஷமாக அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்கியவள் அவள்! போனில் மட்டும் பார்த்த ஒரு மனிதர் பெட்டியோடு வந்து இறங்கிய அன்றே இடம் போய்விட்டது.

வாப்பாவை ஒரு காரியம் செய்யச் சொன்னேன்: தினமும் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அவரே வண்டியில் கொண்டுவந்து விட வேண்டும், வழியில் எங்கேயும் நிறுத்திப் படிப்பைப் பற்றிக் கேட்கக் கூடாது. பத்துப் பதினைந்து நாளில் கிள்ளுவது நின்றது. விடுப்பு முடிந்து அவர் விமானம் ஏறிய வாரம் மறுபடியும் ஆரம்பித்தாள். இந்த முறை காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக் காரணத்தைத் தேடுவதற்கு முன்னால் உடம்பைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் கட்சி. மனசு, மனசு என்று இப்போது எல்லோரும் பேசப் பழகிவிட்டோம், காதை மறந்துவிடுகிறோம். ஐப்பசி கார்த்திகையில் சளி பிடித்து விட்ட பிறகு, சில பிள்ளைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்ளும். வலி இருக்காது, சீழ் வராது. தண்ணீருக்குள் தலையை முக்கிக்கொண்டு கேட்பதுபோல்தான் அவனுக்கு எல்லாச் சத்தமும் கேட்கும். கூப்பிட்டால் திரும்ப மாட்டான், டி.வி. சத்தத்தை ஏற்றி வைப்பான், கணக்கில் பின்தங்குவான். திமிர் என்று பெயர் வாங்கி, அதற்கு அடியும் வாங்குவான். ராத்திரியில் கீரிப்பூச்சி அரிக்கிற பிள்ளைக்குத் தூக்கம் இருக்காது, பகலெல்லாம் சிடுசிடுக்கும். அதற்கு மருந்து கொடுத்தால் வீட்டில் எல்லோரும் சாப்பிட வேண்டும், இரண்டு வாரம் கழித்து இன்னொரு வேளையும் கொடுக்க வேண்டியிருக்கும். சொத்தைப் பல், மலச்சிக்கல், வாயைத் திறந்தபடி குறட்டை விட வைக்கிற சதை வளர்ச்சி, எழுத்துத் தெரியாத கண், வலிப்புக்குக் கொடுக்கிற சில மருந்துகள் எல்லாமே பிள்ளையின் நடத்தையை மாற்றும். மாறியது குணம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. பெரிய சம்பவம் ஒன்று நடந்துவிட்டால் எல்லாவற்றையும் அதன் கணக்கில் எழுதிவிடுவோம். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. பண்ருட்டிப் பக்கத்தில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அப்புறம் பிள்ளைகள் முரண்டு பிடித்தபோது, காற்றுச் சத்தத்தில் பயந்துவிட்டான் என்றார்கள். காற்றுக்குப் பயந்த பிள்ளைகள் இருந்தார்கள், நிஜம்தான். ஆனால் ஒரு முந்திரி காய்ப்புக்கு வரச் சில வருஷம் ஆகும், பலாவுக்கு அதைவிட அதிகம். அதுவரை அப்பா என்ன செய்வார், வட்டிக்காரர் வாசலில் எப்படிப் பேசுவார் என்பதையெல்லாம் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருந்தது. புயல் ஓய்ந்த பிறகு வீட்டுக்குள் வந்த மௌனம்தான் பலரை ஆட்டியது என்று நான் நினைக்கிறேன்.

பயந்த பிள்ளைக்கு உப்பு மிளகாய் சுற்றிப் போடுவார்கள், தில்லைக்காளி கோயில் குங்குமத்தை நெற்றியில் வைப்பார்கள், தர்காவில் ஓதித் தண்ணீர் தெளிப்பார்கள். எனக்கு இதில் சண்டை இல்லை. வீடே கூடி நின்று அந்தப் பிள்ளையை மட்டும் பார்க்கிற பத்து நிமிஷம் அது. பல வீடுகளில் அதுகூடக் கிடைப்பதில்லை. சூடு போடுவது, கட்டி வைப்பது, பட்டினி போடுவது என்று இறங்கினால்தான் நான் எழுந்து நின்று சத்தம் போடுவேன். சுற்றிப் போட்டுவிட்டு மறுநாள் டாக்டரிடமும் போக வேண்டும். சிதம்பரத்தில் முன்னே ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து இப்போது அரசு மருத்துவமனையாகிவிட்ட இடத்தில் குழந்தைகளுக்கும் காதுக்கும் மனசுக்கும் ஒரே வளாகத்தில் டாக்டர்கள் இருக்கிறார்கள்.

எவ்வளவு நாள் பொறுக்கலாம் என்று கேட்பார்கள். சாப்பாடு, தூக்கம், விளையாட்டு மூன்றும் சரியாக இருந்தால் இரண்டு மூன்று வாரம் பார்க்கலாம். சிலவற்றுக்குப் பொறுக்கவே கூடாது. படுக்கையை நனைக்காத பிள்ளை திடீரென்று நனைக்க ஆரம்பித்து, கூடவே ஓயாத தாகமும் மெலிவும் இருந்தால் அது சர்க்கரை நோயாக இருக்கலாம். அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும். பேசிக்கொண்டே இருக்கும்போது சில வினாடி வெறித்துப் பார்த்துவிட்டு விட்ட இடத்தில் தொடர்கிற பிள்ளைக்கு அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம். குறிப்பிட்ட ஒரு ஆளைக் கண்டால், ஒரு வீட்டுக்குப் போகச் சொன்னால், ஒரு டியூஷன் பெயரைச் சொன்னால் பிள்ளை வெளிறிப்போகிறது என்றால், பிள்ளை பொய் சொல்கிறதா என்று விசாரிக்க உட்காராதீர்கள். முதலில் அந்த ஆள் பக்கம் அனுப்புவதை நிறுத்துங்கள். மானம் போய்விடும் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுத்தாலும் 1098க்குப் போன் போடுங்கள். காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள்.